எச்சரிக்கை விளக்கின்மேல் ஒட்டிய பொட்டு

1

காரில் எரிந்த எச்சரிக்கை விளக்கை நிறுத்துவதற்காக, அதன்மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், படித்துக்கொண்டு வரும்போது என்னைக் கொஞ்சம் புத்திசாலி என்று நீங்கள் நினைத்துத் தொலைப்பீர்கள். அப்புறம் உங்களுக்கு ஏமாற்றம், எனக்கு அவமானம்.

இன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கனடாவில், வின்னிபெக்கில், நவம்பர் பிறந்துவிட்டால் வண்டியை உள்ளே மட்டும்தான் துடைக்க முடியும். வெளியே தண்ணீர் ஊற்றினால் கதவு உறைந்துபோய்த் திறக்காது. அதையும் ஒருமுறை செய்து, டிக்கி வழியாக ஊர்ந்து உள்ளே போய் வேலைக்குப் போயிருக்கிறேன். ஸ்பீடாமீட்டர் கண்ணாடியின் வலது ஓரத்தில், கால் ரூபாய் அளவுகூட இல்லாத வட்டமாக ஒரு பிசின் தடம். ஈரத்துணி, சோப்பு, நகம் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. போகவில்லை. ஒட்டி ஒரு வருஷம் ஆகிறது.

அதைப் பார்த்ததும் துணியை நழுவவிட்டேன். குளிர் என்று மகளிடம் சொன்னேன். "ஹீட்டர் ஃபுல்லா ஓடுதுப்பா" என்றாள் அவள்.

2

நான் சிதம்பரத்துக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு கம்பெனியில் சில வருஷம் வால்வு திருகிக்கொண்டிருந்தேன். 2004-ல் மனைவி செல்வியையும் மகள் கயலையும் கூட்டிக்கொண்டு கனடா வந்தேன். விவசாய இயந்திரங்களுக்கு உதிரிபாகம் அனுப்பும் கிடங்கில் வேலை. கயலுக்கு அப்போது பதினோரு வயசு.

கடலூரில் எனக்கு லைசென்ஸ் கொடுத்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. போட்டோவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இங்கே ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பார்த்தார். முதல் தடவை ஃபெயில். காரணம், ஒவ்வொரு முக்கிலும் மரியாதையாக ஹாரன் அடித்தேன். நம்மூரில் அடிக்காவிட்டால் கொலைகாரன். இங்கே அடித்தால் கொலைகாரன். இரண்டாம் தடவை ஹாரனைத் தொடவில்லை, ஆனால் சிக்னலில் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். அதுவும் ஃபெயில். மூன்றாம் தடவை அந்த அம்மாளுக்கே அலுத்திருக்க வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். முன்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற வண்டி. ஒரு நாள் வாசலிலிருந்து தெருவுக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. குமராட்சி வயலில் மாட்டிய டவுன்பஸ் மாதிரி நின்ற இடத்திலேயே பள்ளம் தோண்டியது. எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் மண்வெட்டியோடு வந்து என்னை எடுத்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்று.

அப்படி வந்ததுதான் இந்தச் சின்ன வண்டி. பார்க்க நம்மூர் வாடகைக் கார் மாதிரிதான் இருக்கும். ஆனால் எஞ்சினின் பலம் முன்னும் பின்னும் பிரிந்து போகும். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதைவிட்டு மற்றது பிடித்துக்கொள்ளும். பனியில் அது பல்லி மாதிரி போவதைப் பார்த்து முதல் வாரம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெட்ரோல் பில்லைப் பார்த்து இரண்டாம் வாரமும் வந்தது.

ஏனென்றால் நாலு சக்கரத்தைச் சுற்றுவதற்கு நாலு சக்கரத்துக்கும் தீனி போட வேண்டும். ஊருக்குப் போன் செய்து கார் வாங்கியிருக்கிறேன் என்றால், அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா என்ன கலர், என்ன மாடல் என்று கேட்க மாட்டார். "எவ்ளோ குடுக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். நான் உண்மையோடு நாலைக் கூட்டிச் சொல்வேன். மாமாவும் அவர் வண்டிக்கு நாலைக் கூட்டித்தான் சொல்வார் என்பதால் கணக்கு நேராகிவிடும்.

கூட்டிச் சொன்ன நாலை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டுவேன். ஊரில் வெள்ளாற்றுப் பாலத்து இறக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கயல் பக்கத்தில் இருந்தால் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். "அப்பா, ப்ளீஸ், கியர்ல போடு. இது ஐஸ்." பதினைந்து வயசுக்கு மேல் அவள் என்னோடு தமிழில் பேசிய வாக்கியங்களில் பாதி இதுதான். மீதிப் பாதி, "என்னை ஸ்கூல் வாசல்ல இறக்காத, முன்னாடியே இறக்கிடு."

3

போன வருஷம் நவம்பர் ஆரம்பத்தில் குளிர்கால டயர் ஒன்று கிழிந்தது. பனிக்குள் மறைந்திருந்த நடைபாதை விளிம்பில் நான்தான் ஏற்றினேன். கடைக்குப் போய் "ஒரு டயர் வேணும், பழசு ஸ்டெப்னியா இருக்கட்டும்" என்றேன். கவுண்ட்டரில் இருந்தவர் உள்ளே பார்த்து "ஸ்டெபனி" என்று கூப்பிட, ஒரு பெண் வந்து நின்றாள். அவளிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அவள் சொன்னாள்: இந்த வண்டிக்கு ஒரு டயர் மட்டும் மாற்றக்கூடாது. மாற்றினால் நாலும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலிடெக்னிக் படித்தவனிடம், கடலூரில் எட்டு வருஷம் வண்டி வைத்திருந்தவனிடம் சொல்கிற கதையா இது? நம்மூரில் யாராவது நாலு டயரை ஒரே நாளில் மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று போனால் ஒன்று. புதுசு முன்னால், முன்னால் இருந்தது பின்னால், பின்னால் இருந்தது டிக்கிக்குள். டிக்கியில் இருந்தது ரீட்ரெடிங் போய் மறுபிறவி எடுத்து வரும். மாமாவின் காரில் ஐந்து சக்கரமும் ஐந்து ஜாதி. ஒன்றும் ஆனதில்லை. வெள்ளைக்காரன் வியாபாரம் பண்ணுகிறான் என்று எனக்குள் ஒரு ஞானி பேசினான். அந்த ஞானிக்கு விமான டிக்கெட் வாங்கிய களைப்பும் இருந்தது. மாமா மகள் கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்தில் ஒரு டயர் கிடைத்தது. அளவு கிட்டத்தட்ட அதே அளவு. பக்கவாட்டில் இருந்த எண்களில் ஒன்றுதான் மாறியிருந்தது. மற்ற மூன்றும் தேய்ந்தவை, இது தேயாதது. மாட்டினேன். ஓடியது. செல்வி "நாலும் மாத்தணும்னு சொன்னாங்களே?" என்று கேட்டாள். "மாத்தியாச்சு" என்றேன். எதை மாற்றியாயிற்று, எத்தனையை மாற்றியாயிற்று என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை பாருங்கள்.

மூன்றாம் நாள் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. கையேட்டில் பார்த்தேன். நாலு சக்கர அமைப்பைச் சோதிக்கவும் என்று இருந்தது. எஞ்சினை அணைத்துப் போட்டேன், போனது, மறுபடி வந்தது. கிளம்ப நாலு நாள்தான் இருந்தது. செல்வி பார்த்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் டயர் வரும், டயர் வந்தால் ஸ்டெபனி வரை போகும். வீட்டுக்குள் போய், குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்த செல்வியின் பொட்டுகளில் ஒன்றை எடுத்துவந்து விளக்கின்மேல் வைத்து அழுத்தினேன். கருஞ்சிவப்பு. அளவெடுத்துச் செய்தமாதிரி பொருந்தியது. வண்டி குணமாகிவிட்டது.

கயலுக்கு அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு கல்லூரியில் நேர்காணல். ரெண்டரை மணி நேரத் தூரத்தில் வேறு ஊர். காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த மாதத்தில் ஏழு மணி என்றால் இங்கே கும்மிருட்டு.

"பஸ்ல போயிடுறோம். அதுவும் ஏழு மணிக்கு இருக்கு" என்றாள் செல்வி.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டிய வாசல்ல நிறுத்திட்டு பஸ்ல போவியா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"இங்க யாரு பாக்குறா?"

"நான் நெனப்பேன்ல."

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் சும்மா இருந்ததையெல்லாம் வெற்றிக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

4

சிதம்பரம் வந்து இறங்கிய நாளிலிருந்து மழை. கார்த்திகை மாசத்து மழை, நிற்காது, அவசரமும் படாது. தினமும் செல்விக்குப் போன் போடுவேன். "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "இருக்கு" என்பாள். அவ்வளவுதான். கயல் போனை வாங்கி "ஹாய்ப்பா, பைப்பா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. சனிக்கிழமை மத்தியானம், கடலூரில் தைக்கக் கொடுத்திருந்த பொண்ணு ரவிக்கையை வாங்கிவர மாமா வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். எட்டு வருஷ வண்டி. சீட்டுமேல் கம்பெனி போட்ட பாலிதீன் உறையை மாமா இன்னும் கிழிக்கவில்லை. உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும்.

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டில் தண்ணீர் ஏறியிருந்தது. மாமா மெதுவாக, முதல் கியரில், நூல் பிடித்தமாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார். புதுச்சத்திரமும் தாண்டியாகிவிட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மாமா, இப்படிப் போனா பொண்ணு மேடைக்கு வந்து, குழந்தை பெத்து, அதுக்கும் கல்யாணம் ஆயிடும். வேகமா அடிச்சி வுடுங்க. பனியில நான் அப்படித்தான் ஓட்டுவேன்."

"ஒன் வண்டிக்கு நாலு சக்கரம் இழுக்கும்னியே."

"வேகம் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான் மாமா."

கனடாவிலிருந்து வந்த மச்சான் சொல்கிறானே என்று அவரும் மிதித்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் அழகாக எழுந்தது. அதே அழகோடு பானட்டுக்கு அடியிலும் எழுந்தது. முட்லூருக்கு அரை கிலோமீட்டர் முன்னால் வண்டி இருமி, விக்கி, நின்றது. மாமா என்னைப் பார்த்தார். பிறகு ரவிக்கைப் பையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்.

தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் ஜாபர் ஒர்க்ஷாப். ஜாபர் பரங்கிப்பேட்டைக்காரன். பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு. பதிமூன்று வருஷம் சவூதியில் பாலைவனத்து ஜீப்புகளைப் பிரித்து மாட்டிவிட்டு, ஊருக்கு வந்து இந்தக் கொட்டகையைப் போட்டிருக்கிறான்.

"வாங்க கனடா" என்றான். "வேகமா வுடச் சொன்னது நீதான?"

"எப்படிடா தெரியும்?"

"மாமா எட்டு வருஷமா ஓட்டுறாரு. ஒரு தடவை தண்ணி குடிச்சதில்ல இந்த வண்டி. சாவியைத் திருப்பாதீங்க மாமா, உள்ள தண்ணி இருந்தா எஞ்சின் ஒடைஞ்சிடும்."

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தான். பிளக்கைக் கழற்றி ஊதினான். மணி நாலரை தாண்டியிருந்தது. மின்சாரம் காலையிலிருந்தே இல்லை என்றான். செல்போன் டவரும் செத்துப்போயிருந்தது. வேலை நடக்கும்போது சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. என் வண்டியின் பெருமையை ஆரம்பித்தேன். ஐஸில் எப்படி ஏறும், ராத்திரி எஞ்சின் உறையாமல் இருக்க எப்படி மாட்டைக் கட்டுகிற மாதிரி கரண்ட் வயரால் சுவர் பிளக்கில் கட்டிவைக்க வேண்டும், ரோட்டில் கொட்டுகிற உப்பு அடித்தகட்டை எப்படித் தின்னும் என்றெல்லாம்.

"உப்பு பரங்கிப்பேட்டையிலயும்தான் திங்குது. சொல்லு" என்றான் ஜாபர்.

கடைசியாக என் கைவசம் இருந்த நல்ல நகைச்சுவையை எடுத்தேன். பொட்டுக் கதை. நடித்தே காட்டினேன், குளியலறைக்குப் பூனைமாதிரி போனது, பொட்டைப் பிய்த்தது, வண்டிக்குச் சுமங்கலிப் பட்டம் கொடுத்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாலிதீன் சீட்டு நொறுங்கியது.

ஜாபர் சிரிக்கவில்லை. பிளக்கைக் கீழே வைத்தான்.

"ஒரு டயர் மட்டும் மாத்துனியா?"

"ஆமா."

"அளவு ஒண்ணா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா? அந்த வண்டி இப்ப எங்க?"

"வூட்டுலதான். செல்வி ஓட்டுறா."

"எவ்ளோ தூரம்?"

"கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பத்து நிமிஷம்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவன் அங்கே நின்றேன். சனிக்கிழமை. இன்றைக்குத்தான்.

ஜாபர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பேசினான். "நாலும் ஒண்ணா இழுக்கணும்னா நாலும் ஒண்ணா உருளணும் மச்சான். ஒண்ணு பெருசு மூணு சின்னதுன்னா, ரோடு நேரா இருந்தாலும் வண்டிக்கு அது தெரியாது. சக்கரம் வழுக்குதுன்னு நெனச்சிக்கும். நடுவுல முன்னையும் பின்னையும் சேக்குற கப்ளிங் ஓயாம அரைச்சிக்கிட்டே கெடக்கும். பத்து நிமிஷத்துல நிறுத்திட்டா ஆறிடும். மணிக்கணக்கா ஓட்டுனா சூடாயிடும். சூடானா ஒண்ணு வுட்டுடும், இல்ல சக்கரத்தைச் சுத்த வுடாம புடிச்சிக்கும். நீ மூடி வச்ச லைட்டு அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சி."

"வுட்டுட்டா?"

"ரெண்டு சக்கர வண்டி ஆயிடும். தேவல."

"புடிச்சிக்கிட்டா?"

"எந்த எடத்துல புடிக்குதுன்னு இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "சவூதியில எங்க ஒர்க்ஷாப்புக்கு அப்படி ஒண்ணு வந்துச்சி. வண்டி மட்டும்தான் வந்துச்சி."

மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

5

அங்கே எத்தனை மணி என்று விரலில் எண்ணினேன். நம்மூர் சாயங்காலம் ஆறரை என்றால் அங்கே காலை ஏழு. இப்போது ஐந்து பத்து. இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கிறது. அதற்குள் ஒரு போன். ஒரே ஒரு போன்.

ஜாபரின் செல்லில் ஒரு சிக்னல் கட்டம்கூட இல்லை. மாமாவின் செல்லில் கட்டம் இல்லை. வண்டி கிளம்ப இன்னும் அரை மணி ஆகும். நான் மழையில் ரோட்டுக்கு ஓடி வந்து நின்றேன். பஸ் எதுவும் வரவில்லை. கடலூர்ப் பக்கம் தண்ணீர் ஏறியதால் நிறுத்திவிட்டார்களாம். ஒரு டாடா ஏஸ் வந்தது. அதில் ஏற்கெனவே ஆடுகள் நிறைந்திருந்தன. ஆடுகளோடு ஏறுகிறேன் என்றேன். டிரைவர் என் சட்டையைப் பார்த்து, "ஆடு பயப்படும் சார்" என்று போய்விட்டான்.

அங்கே அவர்கள் போகப்போகிற ரோட்டை எனக்குத் தெரியும். வின்னிபெக்கை விட்டு வெளியே வந்தால் தட்டையான பூமி. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. வெள்ளை, கறுப்பு, எதிரே வருகிற லாரியின் விளக்கு. அப்புறம் நதிப் பள்ளத்தாக்கு வரும். ரோடு இறங்கி, வளைந்து, பாலத்தில் ஏறும். அந்த வளைவில் காற்று பனியைச் சீவிச் சீவி ரோட்டைக் கண்ணாடி ஆக்கிவைத்திருக்கும். நான் நியூட்ரலில் போட்டு உருட்டுகிற இடம் அதுதான். கயல் சீட்டைப் பிடித்துக்கொள்கிற இடமும் அதுதான். அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கப்ளிங் நன்றாகச் சூடாகிற நேரம்.

இவ்வளவையும் கற்பனை செய்ய எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. மற்ற விஷயங்களில் இத்தனை வேகமாக என் மூளை வேலை செய்திருந்தால் நான் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்காது.

ஐந்தே முக்காலுக்கு வண்டி உயிர் பெற்றது. ஜாபரும் ஏறிக்கொண்டான். "நீ ஓட்டாத. மாமாவும் வேணாம். நவுருங்க" என்று ஸ்டீரிங்கைப் பிடித்தான். நான் பின்சீட்டில் மாமாவின் செல்லை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒரு கட்டம் வந்தது. நம்பரை அழுத்தினேன். "வலையமைப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். பாலத்து இறக்கத்தில் ஜாபர் கியரிலேயே போனான். முதல் தடவையாக அந்த இறக்கத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது மச்சான். இன்ஷா அல்லா, டவர் கெடச்சிடும்" என்றான் ஜாபர். கொஞ்ச தூரம் போய், "வூட்டுக்காரி வேகமா ஓட்டுமா?" என்று கேட்டான்.

"என்னைவிட மெதுவா."

"அப்ப சரி" என்றான். சரி என்று சொல்கிற குரலாக அது இல்லை.

பைபாஸ் முனையில் லாரிகள் வரிசை. நின்றோம். மணி ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. ஆறரை. மாமாவின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரை ஆனபோது மாமா கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

6

மண்டபத்து வாசலில் இறங்கும்போது ஆறு நாற்பது. செல்லில் மூன்று கட்டம். உள்ளே மைக்செட்டில் காது கிழிந்தது. வீட்டு நம்பர் அடித்தேன். மணி அடித்தது, அடித்தது, பிறகு என் குரலே என்னிடம் ஆங்கிலத்தில் பேசி, செய்தி சொல்லச் சொன்னது. கிளம்பிவிட்டார்கள். செல்வியின் செல்லுக்கு அடித்தேன். அவள் எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவன் நான். அதை அவள் மீறியதே இல்லை. கயல் செல்லை இப்போதே அணைத்துவைத்திருந்தாள். நேர்காணல்.

இரண்டாம் தடவை செல்வியின் செல்லில் செய்தி விட்டேன். மைக்செட் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"செல்வி, வண்டிய ஓரமா நிறுத்து. அப்படியே நிறுத்து. ஸ்பீடாமீட்டர்ல பொட்டு இருக்கு பாரு. அந்தப் பொட்டைப் பிச்சி எடு. கேக்குதா? பொட்டைப் பிச்சிப் போடு..."

தோளில் ஒரு அடி விழுந்தது. ராஜாமணி அத்தை, மாமாவின் அக்கா. கையில் ஆரத்தித் தட்டு.

"ஏண்டா, கல்யாண வூட்டு வாசல்ல நின்னுக்கிட்டு பொண்டாட்டிய எதைப் பிச்சிப் போடச் சொல்ற? நாக்குல சனியா?"

"அத்த, அது வண்டிப் பொட்டு."

"வண்டிக்கு ஏதுடா பொட்டு?"

எப்படிச் சொல்வது? சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஜாபர்தான் நடுவில் வந்து, "சத்தம் போடாதீங்கத்த. பொண்டாட்டி புள்ள ஐஸ் ரோட்டுல போவுது, வண்டில கோளாறு, போன் எடுக்கல" என்றான். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அப்படிச் சொல்றதுக்கென்ன" என்று என் தலையில் கை வைத்தார். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கை பட்டதும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செய்தியைக் கேட்க மாட்டாள் என்று, எஸ்.எம்.எஸ்ஸும் அடித்தேன். ஆங்கில எழுத்தில், தமிழில். "வண்டிய நிறுத்திடு. ஒரு டயர்தான் மாத்துனேன். அளவு தப்பு. பொட்டுக்கு அடியில லைட்டு எரியுது. பஸ் புடிச்சி போங்க. தப்பு என்னுது."

இருபது வருஷத்தில் கடைசி ரெண்டு வார்த்தையை நான் எழுதியது அதுதான் முதல்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் மோசம். மேடைக்கு இழுத்துப் போனார்கள். பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டினேன். அந்தப் போட்டோ இப்போதும் இருக்கிறது. பல்வலிக்காரன் மாதிரி நிற்கிறேன். சாப்பாட்டுப் பந்தியில் கடலூர்ச் சம்பந்தி வீட்டார் ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கனடாவுல கார் வச்சிருக்கீங்களாமே. நாலு வீல் டிரைவாமே."

"ஆமாங்க."

"எவ்ளோ குடுக்குது?"

நாலைக் கூட்டாமல் உண்மையைச் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார். "அவ்ளோதானா? அதுக்கு எதுக்குங்க அந்த வண்டி?"

"பத்திரமா இருக்கும்னு வாங்குனதுங்க" என்றேன். இலையில் வைத்த ஜாங்கிரி அப்படியே இருந்தது.

ஏழே முக்கால். அந்த வளைவுக்கு வந்திருப்பார்கள். எட்டு. தாண்டியிருக்க வேண்டும். தாண்டியிருந்தால் எங்காவது நின்று டீ குடிப்பார்கள், செல்லைப் பார்ப்பார்கள். எட்டு ஐந்து. யாரோ ஒரு போலீஸ்காரர் என் வீட்டு எண்ணுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறாரோ, அங்கே என் குரல் அவரிடம் ஆங்கிலத்தில் செய்தி சொல்லச் சொல்கிறதோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் பந்தியை விட்டு எழுந்தேன். கை கழுவும் இடத்தில் மாமாவும் ஜாபரும் நின்றிருந்தார்கள். இருவரும் என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தார்கள்.

மாமாவின் சட்டைப்பையில் செல் ஒரு தடவை அதிர்ந்தது.

மாமா எடுத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது. ஜாபரிடம் நீட்டினார். ஜாபர் படித்தான். மறுபடி படித்தான். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து, என் கையில் கொடுத்தான்.

"பொட்டு என்னுது, எப்பவோ பிச்சிப் பாத்தாச்சு. பஸ்ல போறோம்."